நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஒட்டடை அடிச்சுட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. கடைசியா எழுதினது, தாம்பரம் சண்முகம் ரோடு மார்க்கெட்டில் கறிவேப்பிலை கொசுறு குடுக்கறதை நிறுத்திட்டாங்கன்னு ஒரு புலம்பல். அதுக்கு வந்த பின்னூட்டங்களைப் பார்த்தா நாட்டுல எல்லாருக்கும் அதுதான் தலையாய பிரச்சினை போலிருக்கு :-)

இந்தத் தடவை அப்படி இல்லை. கொஞ்சம் கனமான சமாச்சாரம். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் போராளி கிடையாது. ஊர்வலம் போனதில்லை, கொடி பிடிச்சதில்லை. சேலையூர் பக்கம் ஒரு வீடு. கீழே நாங்க, மேலே வாடகைக்கு. தன்பாலினத் திருமணம்னு யாராவது பேச்செடுத்தா, "இதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்குப்பா" ன்னு சொல்லிட்டு பேப்பரைப் புரட்டற ஆள்தான் நான். 2018 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவைப் பத்தித் தீர்ப்பு சொன்னப்போ, "சரி, ஜெயில்ல போடக் கூடாது, அது நியாயம்தான். ஆனா அதோட நிறுத்திக்கணும், கல்யாணம் அது இதுன்னு ஆரம்பிக்கக் கூடாது" ன்னு இங்கேயே எழுதியிருக்கேன். தேடினா கிடைக்கும். அழிக்கலை.

இப்ப ஏன் மாத்திப் பேசறேன்னு கேட்பீங்க. எங்க மேல் போர்ஷன் கதையைச் சொன்னாத்தான் புரியும்.

2011-ல் ரெண்டு பெண்கள் குடிவந்தாங்க. ஒருத்தர் மெப்ஸ்ல ஒரு ஏற்றுமதி கார்மெண்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. இன்னொருத்தர் வீட்டிலேயே இட்லி மாவு அரைச்சு சுத்துவட்டாரக் கடைகளுக்குப் போடறவங்க. என் வீட்டம்மா அவங்களைப் பெரியவங்க, சின்னவங்கன்னுதான் சொல்லுவா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். "என்ன சொந்தம்?" னு கேட்டதுக்கு, ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சின்னாங்க. பெரியவங்க பேச்சு திருநெல்வேலி, சின்னவங்க பேச்சு விழுப்புரம். ஒண்ணுவிட்டா இவ்வளவு தூரம் விடுமான்னு எனக்கும் தோணாம இல்லை. ஆனா கேட்கலை. வாடகை அஞ்சாம் தேதி டாண்ணு வந்துடும். அதுக்கு மேல ஒரு ஹவுஸ் ஓனருக்கு என்ன வேணும்?

வாடகை ஒப்பந்தம் பெரியவங்க பேர்ல. சம்பளச் சீட்டு இருந்தது அவங்க கிட்டதான். அட்வான்ஸ் நம்ம சென்னை வழக்கப்படி பத்து மாசம், எண்பதாயிரம். ஆளுக்கு நாப்பதாயிரம்னு ரெண்டு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்தாங்க. அந்த ரெண்டு கவரை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

பதினோரு வருஷம். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கினப்போ, அரைச்சு வச்சிருந்த மாவு மொத்தத்தையும் சின்னவங்க இட்லியா ஊத்தினாங்க. பெரியவங்க பொட்டலம் கட்டினாங்க. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் பைக்ல போற வரைக்கும் போய்க் குடுத்துட்டு வந்தோம். என் பேத்தி பிறந்தப்போ முதல்ல வந்து பார்த்தது அவங்க ரெண்டு பேரும்தான். அவ்வளவுதான் அவங்க கதை. சினிமா மாதிரி ஒண்ணும் கிடையாது. காலையில மெப்ஸுக்கு ஸ்கூட்டியில ஒருத்தர், மாவுத் தூக்கோட ஒருத்தர், சாயங்காலம் மொட்டை மாடியில துணி எடுக்க ரெண்டு பேரும்.

2022 நவம்பர்ல ஒருநாள் விடியக்காலம். மேலேர்ந்து சின்னவங்க கத்தற சத்தம். பெரியவங்க பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடக்கறாங்க. தூக்கிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூளையில ரத்தக் கசிவு, உடனே ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்து வேணும்னாங்க.

"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

சின்னவங்க வாயைத் திறந்து மூடினாங்க. "கூட இருக்கறவங்க" ன்னாங்க.

"கூட இருக்கறவங்கன்னா? ரத்த சொந்தம் யாரும் வரலையா?"

யோசிக்கவே இல்லை நான். முன்னாடி போய் "நான் அண்ணன்" னு சொல்லிட்டேன். பேனாவைக் கையில குடுத்துட்டாங்க. ஆதார் கேட்கலை, அத்தாட்சி கேட்கலை. எனக்குப் பின்னாடி நின்ன சின்னவங்களுக்கு பெரியவங்க சாப்பிடற பிரஷர் மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்காது, எல்லாம் மனப்பாடம். அவங்க சொல்லச் சொல்ல நான் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கிட்டாங்க.

பதினோரு வருஷ உண்மை அங்கே செல்லுபடி ஆகலை. ஹவுஸ் ஓனர் சொன்ன ஒரு நிமிஷப் பொய் செல்லுபடி ஆச்சு.

மூணாம் நாள் நிஜமான அண்ணன் வந்தார். பத்து வருஷமா போக்குவரத்து இல்லாதவர். கெட்டவர்னு சொல்ல மாட்டேன், அழுதுக்கிட்டுத்தான் வந்தார். ஐ.சி.யு. வாசல்ல சின்னவங்களைக் காட்டி, "இந்தப் பொம்பளை யாரு சார்?" னு என்னைக் கேட்டார்.

இங்கேதான் நான் சறுக்கினேன். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா எதுக்கு வம்புன்னு, "வாடகையைப் பங்கு போட்டுக்கிட்டு கூடத் தங்கியிருக்கறவங்க" ன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஐ.சி.யு. பாஸ் அவர் கையில். ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான் உள்ளே போகலாம். சின்னவங்க கீழே நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. அஞ்சாம் நாள் பெரியவங்க போயிட்டாங்க. கடைசி ரெண்டு நாள் சின்னவங்க அவங்களைப் பார்க்கவே இல்லை.

உடம்பை ஊருக்குக் கொண்டு போனாங்க. "நானும் வரட்டுமா?" ன்னு கேட்டதுக்கு, "வண்டியில இடமில்லம்மா" ன்னுட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டுல அந்த ஆம்புலன்ஸ் பெருங்களத்தூர் பக்கம் திரும்பற வரைக்கும் நின்னு பார்த்துட்டு, ஷேர் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தாங்க.

காரியம் முடிஞ்சு அண்ணன் திரும்ப வந்தார். ஸ்கூட்டி பெரியவங்க பேர்ல, எடுத்துக்கிட்டார். பீரோ, எடுத்துக்கிட்டார். மாவு அரைக்கிற டில்டிங் கிரைண்டர் பில்லும் பெரியவங்க பேர்லதான் இருந்தது. சின்னவங்க பிழைப்பே அதுல இருக்கு. அதையும் ஏத்திட்டார். பி.எஃப். நாமினி, வேலைக்குச் சேர்ந்த புதுசுல அம்மா பேரைப் போட்டது. அம்மா போய் ஏழு வருஷம் ஆச்சு. அதுவும் வாரிசுக்குத்தான்.

அப்புறம் அட்வான்ஸ். ஒப்பந்தம் யார் பேர்ல இருக்கோ அவங்க வாரிசுக்குத்தான் தரணும்னு தெரிஞ்ச வக்கீல் சொன்னார். எண்பதாயிரத்துக்கும் செக் எழுதி அண்ணன் கையில குடுத்தேன். ரெண்டு கவர்ல வந்த பணம் ஒரே செக்கா போச்சு. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை.

அன்னிக்கு ராத்திரி என் வீட்டம்மா சாப்பாடு போட்டுட்டுச் சொன்னா: "அவங்க ரெண்டு பேரும் என்னன்னு எனக்கு மொத வருஷமே தெரியும். உங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். நாம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டிருந்தது அவங்களுக்கு நல்லதுன்னு நினைச்சேன். இப்ப பாருங்க."

இது நடந்து நாலு மாசம்கூட ஆகலை. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணுச்சு. கணவன், மனைவி, குழந்தைகள் என்கிற இந்தியக் குடும்ப முறைக்கு தன்பாலினத் திருமணம் ஒத்து வராதுன்னு அதுல இருந்தது. அடுத்த மாசம் போட்ட மனுவில், இந்தக் கோரிக்கையே நகர்ப்புற மேட்டுக்குடியினர் பார்வைன்னு சொன்னாங்க.

பேப்பர்ல படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. மேட்டுக்குடியாம். எங்க வீட்டுல மேட்டுக்குடின்னா மாடியில குடியிருந்தவங்கதான். எட்டாயிரம் ரூபாய் வாடகை, ஒரு ஸ்கூட்டி, ஒரு கிரைண்டர். நிஜமான மேட்டுக்குடிக்கு நாலு வக்கீல் வச்சு உயில், ட்ரஸ்ட், கூட்டுச் சொத்துன்னு எல்லாத்தையும் எழுதி வச்சுக்க முடியும். பிரச்சினையே இல்லை. கல்யாணச் சான்றிதழ்ங்கற ஒத்தைக் காகிதம் தேவைப்படறது வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்களுக்குத்தான்.

அதே ஏப்ரல்ல இந்திய பார் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டுச்சு. நாட்டு மக்கள்ல 99.9 சதவீதத்துக்கும் மேல இதை எதிர்க்கறாங்களாம். எங்க தெருவுக்கு யாரும் கேட்க வரலை. உங்க தெருவுக்கு வந்தாங்களா?

இது ஒரு கட்சி சமாச்சாரம்னும் தள்ளிட முடியாது. திருமணம் பொதுப்பட்டியல்ல இருக்கு, அதனால மாநிலங்கள் கருத்தையும் கேட்கணும்னு ஒன்றிய அரசு 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதுச்சு. மே மாசம் கோர்ட்ல சொன்னபடி, பதில் போட்டது ஏழு மாநிலங்கள். அஸ்ஸாம், ஆந்திரா, ராஜஸ்தான் மூணும் எதிர்த்தன. அன்னிக்கு அஸ்ஸாம்ல பா.ஜ.க., ஆந்திராவில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், ராஜஸ்தான்ல காங்கிரஸ் ஆட்சி. ஒரு விஷயத்துல இந்த மூணு கட்சியும் ஒத்துப் போறது எவ்வளவு அபூர்வம்! மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் அவகாசம் கேட்டன.

அந்த ஏழுல தமிழ்நாடு இல்லை. வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. ஐ.சி.யு. வாசல்ல நான் செஞ்சேனே, கிட்டத்தட்ட அதையேதான் நம்ம மாநிலமும் செஞ்சது. எதுக்கு வம்பு!

எனக்கு இது ஏன் உறுத்துதுன்னா, நம்ம மாநிலம் மத்த விஷயத்துல அப்படி இல்லை. திருநங்கையர் நல வாரியம் 2008-ல் இந்தியாவிலேயே முதல்ல இங்கேதான் வந்தது. பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாதுன்னு 2022-ல் போலீஸ் நடத்தை விதியிலேயே சேர்த்தது தமிழ்நாடு. திருநங்கையும் சட்டப்படி மணமகள்தான்னு 2019-ல் சொன்னது நம்ம ஐகோர்ட் மதுரைக் கிளை.

எல்லாத்துக்கும் மேல, கல்யாணச் சட்டத்தையே திருத்தின மாநிலம் இது. "நம்ம கலாச்சாரம் இல்லை" ன்னு சொல்றவங்களுக்கு எங்க பெரியப்பா கதையைச் சொல்லணும். 1950-களில் அவர் செஞ்சுக்கிட்டது சுயமரியாதைக் கல்யாணம். அய்யர் இல்லை, அக்னி இல்லை. எங்க தாத்தா கடைசி வரைக்கும் பெரியம்மாவை மருமகள்னு வாயால சொன்னதில்லை. "அவன் கூட இருக்கறவ" ன்னுதான் சொல்லுவாராம். கவனிச்சீங்களா, அதே வார்த்தை. கூட இருக்கறவ.

தாத்தா மட்டும் இல்லை, சட்டமும் அதையேதான் சொல்லிச்சு. பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-ல் நடந்தது. கால் நூற்றாண்டு கழிச்சு, 1953-ல், தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அப்படின்னா பிறந்த பிள்ளைங்க? அவங்களும் சட்டப்படி பிறந்தவங்க இல்லை. 1967-ல் அண்ணா முதலமைச்சரா வந்ததும் இந்து திருமணச் சட்டத்துல 7-அ ன்னு ஒரு பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும்னு அதுலயே எழுதினாங்க. எங்க பெரியம்மா ஒரே நாள்ல, பத்து வருஷத்துக்கு முன்னாடியிலிருந்தே, மனைவி ஆனாங்க.

அது டெல்லிச் சட்டம். அதை மாநிலம் திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிச்சு. கலாச்சாரத்துக்கு விரோதம்னு அன்னிக்கும் சொன்னாங்க. இன்னிக்கு எந்தக் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் தலைவர் தாலி எடுத்துக் குடுக்கறதை பேனர் வச்சுக் கொண்டாடறாங்க. அந்த 7-அ பிரிவை எடுத்துப் படிச்சேன். "இரண்டு இந்துக்களுக்கு இடையே" ன்னு அழகா ஆரம்பிக்குது. ஆனா உறுதிமொழி வர்ற இடத்துல, ஒருவர் மற்றவரை மனைவியாக அல்லது கணவனாக ஏற்கறதுன்னு, அவன் மனைவி, அவள் கணவன்னு முடிஞ்சிடுது. இத்தனை வருஷம் கழிச்சு இன்னும் ரெண்டு வார்த்தையைத் திறந்து விட முடியாதா?

2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் அஞ்சு நீதிபதிகளும், கல்யாணம் பண்ணிக்கறது அடிப்படை உரிமை இல்லை, சட்டம் இயற்றறவங்கதான் முடிவு பண்ணணும்னு சொல்லிட்டாங்க. இந்த ஜோடிகளோட உறவுக்குச் சட்ட அங்கீகாரம் தரணும்ங்கறதுல மட்டும் மூணுக்கு ரெண்டுன்னு பிரிஞ்சாங்க. மூணு பேர் முடியாதுன்னாங்க. 2025 ஜனவரியில மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடி. அதாவது பந்து இப்போ மறுபடியும் கட்சிக்காரங்க காலடியில. சட்டமன்றமும் சட்டம் இயற்றற இடம்தான், 1967-ல் பார்த்தோமே.

"சேர்ந்து வாழறதை யார் தடுத்தா? கல்யாணம்ங்கற பேர் எதுக்கு?" ன்னு கேட்கறவங்க நிறைய. நானே கேட்டவன்தான். இப்ப நான் திருப்பிக் கேட்கறேன். கவுண்டர்ல "என்ன வேணும்" னு கேட்டா, சேர்ந்து வாழறவங்க என்ன பதில் சொல்லணும்?

"உயில் எழுதிக்கலாமே" ன்னு எங்க வக்கீல் நண்பர் சொன்னார். எழுதலாம். ஆனா நாப்பத்தாறு வயசுல யார் உயில் எழுதறா? நீங்க எழுதிட்டீங்களா? அப்படியே எழுதினாலும் அது சொத்துக்கு மட்டும்தான். ஐ.சி.யு. பாஸுக்கு உயில் செல்லாது. ஆம்புலன்ஸ்ல உட்கார உயில் செல்லாது. குடும்ப ஓய்வூதியத்துக்கு உயில் செல்லாது. கல்யாணமான நமக்கு இதெல்லாம் கேட்காமலே கிடைக்குது. அதனாலதான் அதோட விலை நமக்குத் தெரியலை.

ஒன்றிய அரசு ஒண்ணுமே செய்யலைன்னும் சொல்லக் கூடாது. கேபினட் செயலர் தலைமையில் 2024-ல் குழு போட்டாங்க. ரேஷன் கார்டுல ஒரே குடும்பமா சேர்த்துக்கலாம், பேங்க்ல கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், நாமினியா போடலாம்னு அந்த வருஷம் சுற்றறிக்கை வந்தது. நல்ல விஷயம். உடலைப் பெறுவது பத்தியும் சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிச்சு. நெருங்கிய உறவினர் கிடைக்காதபட்சத்தில் துணைவர் கேட்டு வாங்கலாமாம். எங்க சின்னவங்களுக்கு இது உதவியிருக்குமா? உதவியிருக்காது. அதான் அண்ணன் கிடைச்சுட்டாரே. பத்து வருஷம் பேசாத அண்ணன் இருக்கற வரைக்கும், பதினோரு வருஷம் கூட இருந்தவங்க வரிசையில பின்னாடிதான்.

இத்தனைக்கும் சட்டத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்காம இருக்கவும் தெரியும். 2017 மனநலச் சட்டத்துல, என் சார்பா பேச இவங்கதான்னு வயசு வந்த யாரையும் நானே எழுதிக் குடுக்கலாம். ரத்த சொந்தமா இருக்கணும்னு இல்லை. மனசுக்கு வைத்தியம்னா நம்பிக்கையான ஆள் போதும். மண்டைக்கு ஆபரேஷன்னா ரத்த சொந்தம் வேணும். என்ன கணக்கோ!

எங்க வீட்டுக் கதை தேவலாம்னு நினைக்க வைக்கிற கதைகளும் உண்டு. 2008 மே மாசம் வட சென்னையில், குடும்பத்தார் பிரிச்சு வைக்கப் பார்த்த ரெண்டு பெண்கள் சேர்ந்தே உயிரை விட்டாங்க. பேப்பர்ல ஒரு நாள் செய்தி. 2021-ல் மதுரையிலிருந்து ரெண்டு இளம் பெண்கள் சென்னைக்கு ஓடி வந்தாங்க. வீட்டுக்காரங்க காணோம்னு புகார் குடுக்க, போலீஸ் தேட, அவங்க ஐகோர்ட்டுக்குப் போனாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இது சரியாத் தெரியலை, நானே கத்துக்கணும்னு சொல்லி ஒரு உளவியலாளர் கிட்ட உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். எனக்குத் தெரியலைன்னு ஒரு நீதிபதியே சொல்லலாம்னா, சேலையூர் ஹவுஸ் ஓனர் சொல்றதுக்கு என்ன வெட்கம்? இந்த ஜோடிகள் "குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம்" மாதிரி ஒண்ணைப் பதிவு பண்ணிக்க வழி செய்யலாமேன்னு 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசுக்கு யோசனை சொன்னதும் அவர்தான்.

2025 மே மாசம் இன்னொரு வழக்கு. வேலூர் பக்கம் ஒரு இருபத்தஞ்சு வயசுப் பெண்ணை வீட்டார் அடைச்சு வச்சுட்டாங்க. கூட வாழ விரும்பின பெண் ஆட்கொணர்வு மனு போட்டாங்க. மனுவுல அவங்க தன்னை என்னன்னு சொல்லிக்கிட்டாங்க தெரியுமா? "நெருங்கிய தோழி". அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரியுதுன்னு நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் தீர்ப்பிலேயே எழுதினாங்க. குடும்பம் அமைக்க கல்யாணம் மட்டுமே வழி இல்லைன்னும் சொல்லி, அந்தப் பெண்ணை விடுவிச்சாங்க. ஐகோர்ட் படியேறி மனுப் போடற துணிச்சல் இருந்தும், அந்த ஒரு வார்த்தையை எழுதத் துணிச்சல் வரலை பாருங்க. ஏன்னா அந்த உறவுக்குச் சட்டத்துல பேரே கிடையாது.

2019-ல் தைவான், 2025 ஜனவரியில் தாய்லாந்து. பக்கத்து நேபாளத்துலயே 2023 நவம்பர்ல லம்ஜுங் மாவட்டத்தில் முதல் கல்யாணம் பதிவாச்சு. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

கட்சிக்காரங்களைத் திட்டறதுக்காக இதை எழுதலை. அவங்க எதிர்க்கறதும், வாயைத் திறக்காம இருக்கறதும் யாருக்குப் பயந்து? எனக்குப் பயந்துதான். மார்க்கெட்ல கறிவேப்பிலைக்குச் சண்டை போடற, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை விரல்ல மை வச்சுக்கற நடுத்தர ஆளுக்கு. இவர் மனசு புண்படும்னு நினைச்சுத்தான் பேச மாட்டேங்கறாங்க. அதனால பகிரங்கமா சொல்லிக்கறேன்: என் மனசு புண்படாது. அடுத்த தடவை எங்க தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்க கிட்ட குடிதண்ணி, பாதாளச் சாக்கடையோட இதையும் கேட்பேன். நீங்களும் கேளுங்க.

சின்னவங்க இப்ப ஊரப்பாக்கம் பக்கம் இருக்காங்க. சேலையூரில் அந்தப் போர்ஷன்ல தனியா இருக்க முடியலைன்னு கிளம்பினாங்க. ஒரு பழைய கிரைண்டர் வாங்கி மறுபடி மாவு போடறாங்க. நாப்பதாயிரம் ரூபாயை ரெண்டு தவணையில நான் குடுத்துட்டேன். வாங்க மாட்டேன்னாங்க. என் வீட்டம்மா கவர்ல போட்டுக் கையில திணிச்சா. இது தர்மம் இல்லைம்மா, உங்க பணம்னு சொன்னப்புறம் எண்ணி வாங்கிக்கிட்டாங்க.

இதை எழுதட்டுமான்னு கேட்கப் போனப்போ, அந்த ஐ.சி.யு. வாசல் விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அவங்க கோபப்படலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னிக்கு நீங்க அண்ணன்னு சொன்னதும் பேனாவைக் குடுத்துட்டாங்களே சார். அது மாதிரி சொல்லிக்க எனக்கும் ஒரு வார்த்தை இருந்திருந்தா போதும்" னாங்க.

எனக்குப் பதில் தெரியலை. காபி ஆறிப் போச்சு, குடிச்சுட்டு வந்தேன்.

பி.கு. 1: அவங்க சம்மதத்தோடதான் எழுதியிருக்கேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

பி.கு. 2: வீட்டை வாடகைக்கு விட்டிருக்கற சக பதிவர்களுக்கு: ரெண்டு பேர் குடிவந்தா ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரையும் போடுங்க. அட்வான்ஸுக்கு ரசீதும் ரெண்டு பேர் பேர்ல குடுங்க. அவங்க யாரா இருந்தாலும் சரி. செலவு ஒண்ணும் கிடையாது.

பி.கு. 3: திட்டணும்னு நினைக்கறவங்க என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். அவங்களைப் பத்தித் தரக்குறைவா வர்ற பின்னூட்டம் மட்டும் வெளியாகாது.